குத்து வாங்கியவருக்கு ஒரு புள்ளி

மெத்தைக்கடை முதலாளி பேசத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வாள்வீச்சு வகுப்பின் ஆண்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆகவே பேசும் உரிமை பெற்றவர். வாளை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. தூக்கத்தைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. "நல்லாத் தூங்குற பிள்ளைதான் நல்லா வாள் வீசும்" என்று அவர் அறுதியிட்டுச் சொன்னபோது, வெள்ளை உடையில் வரிசையாக நின்ற பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் நின்றபடியே கண்ணயர்ந்து அவர் கட்சிக்கு வலுச் சேர்த்தார்கள்.

இரண்டாம் தடத்தின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டான் என்பது சற்று அதிகம். காது திறந்திருந்தது. மனைவி இறந்த பதினொரு மாதத்தில் அவன் தேர்ச்சி பெற்ற கலை அது ஒன்றுதான். வயது முப்பத்து மூன்று. கல்லூரியில் இயற்பியல் படித்தவன். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. வகுப்பில் எல்லோருக்கும் அவன் 'தராசு சார்'.

அவனுக்கும் வாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்காதான் சம்பந்தம் செய்து வைத்தாள். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரை ஏறுவார். அக்கா சனிக்கிழமைதோறும் மருந்துக்கடையில் நிற்க வேண்டும். "நீ வீட்டுல சுவரைத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கே? அங்கயும் சுவர் இருக்கு. போற வழியில இவளையும் கூட்டிட்டுப் போ" என்று பதினொரு வயது மகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டாள்.

மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டப்பெயர் வைப்பவர். ஒருத்தி புயல். ஒருவன் ரயில். ஒருவன் பட்டாசு. அக்கா மகளுக்கு அவர் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. கூப்பிட நேரமில்லாததால் சிணுங்கி. எதிராளியின் வாள் முனை அருகில் வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மார்போடு சுருட்டிக்கொள்வாள். ஒரு வருடத்தில் அவள் வாள் பிறர் மேல் பட்டது மூன்று முறை. அதில் ஒன்று, மாஸ்டர் குனிந்து கையுறையை எடுத்தபோது.

வகுப்பில் ஒரு விதி உண்டு. ஆண்டுப் போட்டியில் தன் குழுவில் கடைசியாக வரும் பிள்ளை 'அரும்பு' வகுப்புக்கு இறங்க வேண்டும். அரும்பு என்றால் ஆறு வயதுப் பிள்ளைகள், ஸ்பாஞ்சு வாள்கள், நடுவில் ஒரு முறை பால் பிஸ்கெட். போன வருடம் ஒரு பையனுக்குக் கால் சுளுக்கியதால் சிணுங்கி தப்பித்தாள். இந்த வருடம் எல்லோருடைய கால்களும் நல்ல நிலையில் இருந்தன.

"அரும்புல போட்டாங்கன்னா நான் வரவே மாட்டேன். அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்று காலையில் பேருந்தில் சொல்லியிருந்தாள்.

"சரி" என்று அவன் சொல்லியிருந்தான். எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான்.

போட்டிக்கு இரண்டு தடங்கள். தடம் என்றால் தரையில் விரித்த நீளமான ரப்பர் பாய். அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பிள்ளை. வாளின் நுனியில் ஒரு பொத்தான். அது எதிராளி மேல் அழுந்தினால், வாளிலிருந்து பிள்ளையின் முதுகு வழியாக ஓடும் வயர், மேசை மேல் இருக்கும் பெட்டியில் குத்தியவர் பக்கத்து விளக்கை எரியவைக்கும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. உடம்பில் எங்கே பட்டாலும் புள்ளிதான். எளிமையான ஏற்பாடு. தராசு சார் என்பதால் இரண்டாம் தடத்தின் வயர் வேலையை மாஸ்டர் அவனிடம் விட்டார். காலை எட்டு மணிக்கே மாட்டி, சோதித்து, சரி என்று கண்டான்.

எட்டரைக்கு மாஸ்டர் ஓடி வந்தார். "சார், மேசையும் பெட்டியும் பேனரை மறைக்குது சார். மெத்தைக்கடைக்காரர் வருத்தப்படுவார். அந்தப் பக்கம் போட்டுடலாமா?"

அவனும், பட்டாசின் அப்பாவான வங்கி மேலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டி, வயர், தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றோடும் மேசையை அலுங்காமல் தூக்கினார்கள். தடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வைத்து, பெட்டியின் முகம் பேனரைப் பார்க்கும்படி திருப்பினார்கள். பேனரில் ஒரு குழந்தை மெத்தையில் சிரித்தபடி தூங்கியது. மேசை பக்கம் மாறியதும் இடம் வலமானது, வலம் இடமானது. வயர்கள் மட்டும் பழைய துளைகளிலேயே இருந்தன. இனி ஒருவர் குத்தினால் மற்றவர் பக்கத்து விளக்கு எரியும்.

ஒரு கடைக்காரர் தராசை ஒரு முழம் நகர்த்தினாலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது அவன் அலுவலகத்தின் முதல் விதி. சோதிக்காத எத்தனையோ பேருக்கு அவன் நோட்டீஸ் கொடுத்திருக்கிறான். அன்று அவனுக்கு நோட்டீஸ் கொடுக்க யாரும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பிள்ளைகள் முனையைத் தட்டி விளக்கைச் சரிபார்ப்பது வழக்கம். மெத்தை உரை தின்ற நாற்பது நிமிடத்தை ஈடுகட்ட, மாஸ்டர் அந்த வழக்கத்தையும் ரத்து செய்தார்.

இரண்டாம் தடத்தில் ஐந்து பேர்: புயல், பட்டாசு, சிணுங்கி, ஒரு ஜோடி இரட்டையர். ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடும் மோத வேண்டும். முதலில் ஐந்து புள்ளி எடுப்பவர் வெற்றி. நடுவர், கல்லூரி போகும் பழைய மாணவி. பிள்ளைகளுக்குச் சீனியர் அக்கா. அவள் கண் பெட்டியின் முகத்தில். அவனோ பெட்டியின் முதுகுக்குப் பின்னால். அவள் சொல்வதைத் தாளில் எழுதுவதுதான் அவன் வேலை.

முதல் ஆட்டமே புயலுக்கும் சிணுங்கிக்கும். வகுப்பிலேயே சிறந்தவளும் வகுப்பிலேயே மோசமானவளும். ஆரம்பி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் புயலின் முனை சிணுங்கியின் தோளில் பதிந்தது.

"சிணுங்கிக்குப் பாயிண்ட்" என்றாள் சீனியர்.

புயல் முகமூடியைத் தூக்கினாள். "அக்கா, குத்தினது நான்."

"லைட் அந்தப் பக்கம் எரியுதேம்மா."

"அவ கையைக்கூட நீட்டலையே!"

"லைட் எரியுதேம்மா."

முதல் தடத்தில் நடுவராக இருந்த மாஸ்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நம்ம கண்ணு பொய் சொல்லும். மெஷின் பொய் சொல்லாது. மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது!"

பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாமன், சிணுங்கிக்கு நேராக ஒன்று என்று எழுதிக்கொண்டான்.

ஐந்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. புயலின் அம்மா பல் டாக்டர். நாற்காலியிலிருந்து எழுந்து நேராக மாஸ்டரிடம் போனார். "இது எப்படி மாஸ்டர்?"

"தலைக்கனம் மேடம்" என்றார் மாஸ்டர், ஆட்டத்தைப் பார்க்காமலே. "நான் போன மாசமே கவனிச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை." பிறகு அழுதுகொண்டிருந்த புயலிடம் குனிந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காரணம் தேடக் கூடாது கண்ணு."

அன்றைக்குக் கூடம் உண்மையிலேயே கோணல். ஆனால் பழமொழிக்கு யாரும் மறுசோதனை செய்வதில்லை.

அடுத்தடுத்த ஆட்டங்களில் நல்லவர்கள் தோற்றார்கள், மோசமானவர்கள் வென்றார்கள். தோற்றவர்கள் புகார் சொன்னார்கள். தோற்றவர்கள் புகார் சொல்வது உலக வழக்கம் என்பதால் யாரும் கேட்கவில்லை. வென்றவர்கள் ஒருவரும் புகார் சொல்லவில்லை. அதுவும் உலக வழக்கம். பட்டாசு என்பது மாஸ்டர் ஆசையோடு வைத்த பெயர். உள்ளபடி நமத்துப்போன பட்டாசு. அவன் இரட்டையர் இருவரையும் புயலையும் வரிசையாக வென்றான். வங்கி மேலாளர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வெற்றியின் ரகசியத்தை இலவசமாகவே கொடுத்தார். "ரெண்டு வாரமா காலையில நாலு மணிக்கு எழுப்பி ஓடவிடுறேன் சார். ரிசல்ட்டைப் பாருங்க!"

ஒவ்வொரு முடிவுக்கும் மாஸ்டரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒரு இரட்டைக்கு முழங்கால் வளையவில்லை. இன்னொரு இரட்டைக்கு முழங்கால் அதிகமாக வளைகிறது.

சிணுங்கியின் மூன்றாவது ஆட்டத்தில்தான் அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. பேனா மை தீர்ந்திருக்கலாம். எதிரே பட்டாசு வாளை நீட்டிக்கொண்டு கால் பின்ன நின்றான். சிணுங்கி கையைத் தொங்கவிட்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. நிதானமாக நாலு எட்டு நடந்து போய், அந்த முனையில் தன் நெஞ்சைச் சாய்த்தாள், மருத்துவரின் குழாய்க்குக் காட்டுவது போல.

"சிணுங்கிக்குப் பாயிண்ட்!"

அவன் கண் பெட்டியின் முதுகிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு போனது. இது அங்கே போகிறது. அது இங்கே வருகிறது. ஒரு பொருளை அவன் இரண்டாவது முறை உற்றுப் பார்த்தான். பதினொரு மாதத்தில் முதல் தடவை. அதற்கு ஒரு வயர் தேவைப்பட்டிருக்கிறது.

எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. பேனாவைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். அதற்குள் சிணுங்கி நாலாவது ஆட்டத்திலும் ஐந்து குத்து வாங்கி நாலுக்கு நாலு என்று குழுவில் முதலாவதாக வந்துவிட்டாள். பட்டாசு இரண்டாவது. புயல் கடைசி. இறுதி ஆட்டம் சிணுங்கிக்கும், முதல் தடத்தில் ஒழுங்காகக் குத்தி வென்ற ரயிலுக்கும். பேனர் தெரிய வேண்டும் என்பதால் அதுவும் இரண்டாம் தடத்திலேயே.

இருபது நிமிட இடைவேளை. தண்ணீர்க் குழாய் இருந்த நடைவழியில் அவளைப் பிடித்தான்.

"தெரிஞ்சுபோச்சா?" என்று அவளே கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மொத ஆட்டத்துலயே. அஞ்சு தடவையும் எனக்குத்தான் வலிச்சுது. அப்புறம் எப்படி நான் ஜெயிச்சேன்?"

அந்தக் கூடத்தில் இருந்த அறுபது பேரில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

"உடனே சொல்லியிருக்கலாமே."

"எதுக்குச் சொல்லணும்? நீதானே மாத்தினே."

"நானா?"

"காலையில வயர் மாட்டினது நீதானே?" சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்காகத்தானே மாமா மாத்தி மாட்டினே? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மாகிட்டகூட."

அவளே தொடர்ந்தாள்.

"அத்தை செத்ததுக்கு அப்புறம் நீயா எதையும் பண்ணினதே இல்லை. அம்மா சாப்பிடுன்னா சாப்பிடுவே. கிளம்புன்னா கிளம்புவே. இதை யாருமே சொல்லாம நீயா பண்ணியிருக்கே. அதான் நானும் ஒழுங்கா நின்னு எல்லாக் குத்தையும் வாங்கினேன்."

இப்படியே விட்டிருக்கலாம். ஒருவனை ஒரு பிள்ளை அயோக்கியன் என்று நம்பி, அதற்காகவே பெருமைப்படுவது எல்லோருக்கும் வாய்க்காது. அவன் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"வேணும்னு பண்ணலை. மேசையைத் தூக்கி வெச்சப்ப மாறிப்போச்சு. நான் கவனிக்கலை."

அவள் முகம் மூடிக்கொண்டது. யாரும் வாளால் தொடாமலே அந்தப் பட்டப்பெயர் அப்போது பொருந்தியது. குழாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி. இப்ப தெரியுமில்ல? இனிமே மாத்தாம விட்டா, அது வேணும்னு பண்ணினதுதான். ஃபைனல் வரைக்கும் விட்டுடு மாமா."

"ரயில் எப்படிக் குத்துவான்னு தெரியுமா?"

"தெரியும். அஞ்சு குத்துதானே." கையுறையைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள் வரை மேலே தள்ளிக் காட்டினாள். "இதுவரைக்கும் இருபது."

சிவப்பு நீலமாக மாறிக்கொண்டிருந்த வட்டங்கள். வாடகைச் சட்டையின் பஞ்சு எப்போதோ செத்துவிட்டிருந்தது. அவன் அலுவலக முத்திரைகூட இவ்வளவு தெளிவாகப் பதிந்து அவன் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவன் செய்ததைச் சிலர் நேர்மை என்றார்கள். சிலர் கொழுப்பு என்றார்கள். இரண்டும் இல்லை. இருபது போதும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"மாத்தப் போறேன்" என்றான்.

"மாமா!"

"இது வேணும்னுதான் பண்றேன்."

"அப்ப நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகமூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் மெத்தைக்கடை முதலாளியோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அவன் காதோரம் போய்ச் சொன்னான். "மாஸ்டர், ரெண்டாம் தடத்துல வயர் மாறியிருக்கு. குத்தினவங்க பாயிண்ட் எல்லாம் வாங்கினவங்களுக்குப் போயிருக்கு."

மாஸ்டர் கேமராவுக்கான சிரிப்பைக் கலைக்காமல் கேட்டார். "எத்தனை ஆட்டத்துல?"

"பத்துலயும்."

"பத்துலயுமா? அப்ப எல்லாருக்கும் சமமாத்தானே சார் போயிருக்கு?"

மாஸ்டர் அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். இப்போது சிரிப்பு இல்லை. "சார், பத்து ஆட்டத்துக்கும் ஒவ்வொரு பேரன்ட்டுக்கும் காரணம் சொல்லி முடிச்சிருக்கேன். அதையெல்லாம் எப்படித் திருப்பி வாங்குறது? ஒரு மணிக்கு ஜூடோக்காரங்க ஹாலுக்கு வந்துடுவாங்க."

"அதுக்காகப் புயலை அரும்புக்கு அனுப்புவீங்களா?"

"ஒரு வருஷம் அடக்கம் கத்துக்கட்டுமே." தோளைத் தட்டினார். "ஃபைனல்ல இருக்கிறது உங்க அக்கா பொண்ணு. தெய்வம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்குது. நீங்க ஏணியைத் தூக்கிட்டு ஓட்டை அடைக்க வர்றீங்களே!"

அவன் மேசைக்குத் திரும்பினான். இடது முனையில் ரயில், வலது முனையில் சிணுங்கி. சீனியர் கையைத் தூக்கினாள். அவன் எழுந்து நின்று, பெட்டியின் முதுகிலிருந்த இரண்டு வயர்களையும் பிடுங்கி, இதை அதிலும் அதை இதிலும் மாட்டினான்.

"வாள் முனையை ஷூ மேல அழுத்திக் காட்டு" என்றான் ரயிலிடம். ரயில் அழுத்தினான். அவன் பக்கம் சிவப்பு எரிந்தது.

காலை முழுக்க ஈறுகளைப் பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா எழுந்தார். "ஒரு நிமிஷம். இப்ப எதுக்கு வயரை மாத்தினீங்க?"

"காலையிலிருந்து தப்பா இருந்துது."

"யார் மாட்டினது?"

"நான்."

"அப்ப இதுவரைக்கும் எரிஞ்ச லைட்டெல்லாம்?"

"குத்து வாங்கினவங்களுக்கு எரிஞ்சுது."

கூடமே எழுந்து நின்றது. "என் பொண்ணு சொன்னா! மொத நிமிஷமே சொன்னா!" என்று பல் டாக்டரம்மா மகளைக் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து மகளை நம்பாமல் இருந்ததை மறப்பதற்கு அவருக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. வங்கி மேலாளர் நாற்காலி மேலேயே ஏறினார். "மெஷின் குடுத்த ரிசல்ட்டை மனுஷன் மாத்தக் கூடாது! இப்படியே போனா நாளைக்கு எதைத்தான் சார் நம்புறது?" அவர் மகன் இரண்டாம் இடத்தில் இருந்தான் என்பதற்கும் இந்தக் கொள்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மெத்தைக்கடை முதலாளிதான் அன்று முதன்முறையாக வாள்வீச்சில் ஆர்வம் காட்டினார். "வாங்கினவனுக்கே பாயிண்ட்டா? நல்லா இருக்கே!"

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "அமைதி, அமைதி. சந்தேகம் வந்து, வயரைச் சரிபார்க்கச் சொன்னதே நான்தான்."

அவன் தான் எழுதிய தாளை எடுத்து மேசை மேல் விரித்தான்.

ஜூடோக்காரர்கள் வருவதற்கு முன் பத்து ஆட்டங்களை மறுபடி நடத்த நேரமில்லை. சீனியர்தான் வழி சொன்னாள். "எல்லா லைட்டும் தலைகீழாத்தானே எரிஞ்சுது? அப்ப தாளையும் தலைகீழாப் படிச்சா போதுமே. அஞ்சு–பூஜ்யம்னா பூஜ்யம்–அஞ்சு."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. படித்தார்கள். புயல் முதலிடம். அடுத்து இரட்டையர். பட்டாசு நாலாவது. சிணுங்கி கடைசி. ஐந்து நிமிடத்துக்கு முன் இறுதி ஆட்டத்துக்கு நின்ற பெண் இப்போது ஸ்பாஞ்சு வாளுக்கும் பால் பிஸ்கெட்டுக்கும் உரியவள். ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கும், அல்லது மறந்திருப்பார்கள்.

அவள் முகமூடியைத் தூக்கினாள். "என் ஆட்டத்தைத் திருப்பிப் படிக்க முடியாது."

"ஏம்மா?" என்றாள் சீனியர்.

"மொத ஆட்டத்தைத் திருப்பிக்கோங்க. அதுல நான் நிஜமாவே தோத்தேன். மீதி மூணுல வேணும்னே குத்து வாங்கினேன். லைட் எப்படி எரியுதுன்னு எனக்கு அப்பவே தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் குத்தவே முயற்சி பண்ணலை. அப்புறம் எப்படி அது ஆட்டம்?"

"இது ஏமாத்து வேலை! வெளியே அனுப்புங்க!" என்றார் வங்கி மேலாளர்.

மாஸ்டர் விதிப் புத்தகத்தை எடுத்தார். எப்படிக் குத்தக் கூடாது என்பதற்கு ஏழு பக்கம் இருந்தது. குத்து வாங்குவது குற்றம் என்று ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு பிள்ளை பிறக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. பல் டாக்டரம்மாவும் பெண்ணின் பக்கம் பேசினார். அவர் மகள் முதலிடத்தில் பத்திரமாக இருந்ததால் அவருக்கு நியாயம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று ஆட்டங்களை மட்டும் மறுபடி நடத்துவது என்று முடிவானது.

முதல் இரட்டை அவளை ஐந்துக்கு ஒன்று என்று வென்றான். இரண்டாவது இரட்டை ஐந்துக்கு இரண்டு. ஒரு மணி நேரத்துக்குள் அவள் ஒரு வருடக் கணக்கைச் சமன் செய்திருந்தாள் என்பதை அவன் மட்டும் கவனித்தான். இன்னொன்றையும் கவனித்தான். அவள் கண்ணை மூடவில்லை. குத்து வாங்குவதற்குக் கண் திறந்திருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முனை தவறிவிடும். அப்படிக் காலை முழுக்க வாங்கியதில், முனை என்பது கிட்டே வந்தால் வெறும் ஒரு பொத்தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

மூன்றாவது ஆட்டம் பட்டாசோடு. பட்டாசும் ஓர் ஆட்டம்கூட வெல்லாதவனாக ஆகியிருந்தான். இதில் தோற்பவர் அரும்புக்குப் போக வேண்டும். கதவருகே ஜூடோப் பிள்ளைகள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாயுடா! நாலு மணிக்கு எழுந்ததை நினைச்சுக்கோ!" என்று வங்கி மேலாளர் கத்தினார். பட்டாசுக்கு அதை நினைத்ததும் கொட்டாவி வந்தது, முகமூடிக்குள் தெரிந்தது.

ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று. மூன்றுக்கு மூன்று. அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். சிணுங்கி பட்டாசின் முழங்கையில் தொட்டாள். நாலுக்கு மூன்று.

பட்டாசு பயந்துபோய் வாளை நேராக நீட்டி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. பாய்ந்தால் தானே போய் அந்த முனையில் விழ வேண்டும். மாஸ்டர் பாடம் எடுக்கும்போது இந்த நிலையைப் பெரிய ஆபத்து என்று சொல்வார்.

சிணுங்கி நடந்தாள். காலையில் நடந்தாளே, அதே நிதானம், அதே நாலு எட்டு, நேராக அந்த முனையை நோக்கி. இந்தத் தடவை கை தொங்கவில்லை. நீண்டிருந்தது.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தன. ஒரே நேரத்தில் இருவரும் குத்தினால் இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. ஐந்துக்கு நாலு.

"அவளையும்தானே குத்தியிருக்கான்!" என்று வங்கி மேலாளர் தடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ரெண்டு லைட்டும் எரியுது சார்" என்றாள் சீனியர்.

"இதைத்தான் ரெண்டு வருஷமா சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன்" என்றார் மாஸ்டர், மைக்கில்.

அதன் பிறகு புயல் ரயிலை வென்று கோப்பையை வாங்கினாள். மெத்தைக்கடை முதலாளி இரண்டாவது முறையாகப் பேச எழுந்தார். ஜூடோப் பிள்ளைகள் பாயை விரித்துக் கூட்டத்தைக் காப்பாற்றினார்கள். வங்கி மேலாளர் அவனிடம் வந்தார். மூக்குக்கு நேராக விரலை ஆட்டி, அவனையும், அவன் அலுவலகத்தையும், அவன் படித்த கல்லூரியையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அவன் எல்லாவற்றையும் கேட்டான். உண்மையாகவே கேட்டான். கல்லூரியைப் பற்றிச் சொன்னதில் சிலது அநியாயம் என்றுகூடத் தோன்றியது. கோபம் வந்தது. வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மேசை மேல் அவன் ஃபோன் அடித்தது. சிணுங்கி எடுத்தாள். அக்கா.

"எத்தனையாவதுடி வந்தே?"

"நாலாவது."

"எத்தனை பேர்ல?"

"அஞ்சு பேர்ல."

"அடி சக்கை!" மருந்துக்கடையில் யாரிடமோ அக்கா அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. ஐந்து பேர் என்பதை மட்டும் சொல்லவில்லை. "உங்க மாமன் எங்கே? உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருக்கானா?"

"இல்லைம்மா. எழுந்து நின்னு திட்டு வாங்கிட்டு இருக்கு."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். ஃபைனல் ஆரம்பிக்கிறப்ப எல்லார் முன்னாடியும் வயரைப் பிடுங்கிடுச்சு."

"யார் பிடுங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நான்கூட வேணாம்னுதான் சொன்னேன்."

அந்தப் பக்கம் மாத்திரை அட்டை கத்தரிக்கும் ஒலி மட்டும் வந்தது. பிறகு அக்கா பேசினாள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன் பசிக்கிறது என்று கேட்டதாகச் சேதி வந்தது போல இருந்தது அவள் குரல்.

"நல்லாத் திட்டட்டும். நடுவுல போய்த் தடுக்காதே. முடிஞ்சதும் கூட்டிட்டு வா."

சிணுங்கி ஃபோனை வைத்தாள். பேச மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வங்கி மேலாளர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.